மூன்றாம் இலக்க வீட்டு வாசல்

தேனுகாவைக் கதிரையில் இருத்தி வைப்பது லேசான காரியம் இல்லை. எங்கள் பிரதேச சபைக்கு அவள் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வந்து ஏழு வருசம் ஆகிறது. என் மேசைக்கு நேர் எதிரே அவளுடைய மேசை. இந்த ஏழு வருசத்தில் ஒரு தேத்தண்ணியை அவள் இருந்த இடத்தில் இருந்து குடித்து முடித்ததை நான் கண்டதில்லை. பாதி குடிப்பாள், எழும்புவாள், யன்னலடிக்குப் போவாள், வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைப்பாள், ஸ்கூட்டித் திறப்பைத் தேடுவாள். மிச்சத் தேத்தண்ணியில் இலையான் விழுந்து கிடக்கும். காலில் சக்கரமோ பூட்டியிருக்கிறாய் என்று நான் பகிடி பண்ணினால், காற்றுப் போகும்போது சொல்லுகிறேன் அண்ணை என்று படியிறங்கிக்கொண்டே சொல்லுவாள்.

நான் அதற்கு நேர்மாறு. சபையில் எழுதுவினைஞன். இப்போது முகாமைத்துவ உதவியாளர் என்று பெயரை மாற்றியிருக்கிறார்கள், வேலையை மாற்றவில்லை. எனக்குக் கோப்பு என்றால் கோப்பு. அதற்குள் ஒரு மனிசன் இருக்கிறான் என்று நினைக்கத் தொடங்கினால் நாலேகாலுக்கு வீட்டுக்குப் போக முடியாது. இதை ஏன் முதலிலேயே சொல்லுகிறேன் என்றால், இனி வரப்போகிற பிழையில் பாதி என்னுடையது.

வீடு அளக்கப் போனால் தேனுகா முதலில் பார்ப்பது கதவை. அத்திவாரம், சுவர், கூரை எல்லாம் அதற்குப் பிறகுதான். கதவையும் சும்மா பார்க்கமாட்டாள். திறந்து பின்பக்கத்தைத் தடவிப் பார்ப்பாள். கறையான் பார்க்கிறாள் என்று நாலு வருசமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மழை நாள், கரண்ட் இல்லாமல் சபைக் கந்தோரில் எல்லாரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள். கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டம் ஒன்றில் அவர்களுடைய வீடு. இடம்பெயரும்போது எல்லாரையும்போல அவளுடைய தகப்பனும் ஓட்டைக் கழற்றி, யன்னலைக் கழற்றி, முன்கதவைக் கழற்றி உழவு ரக்ரரின் பின்பெட்டியில் ஏற்றினார். அந்த நாட்களில் வன்னியில் வீடு என்பது கழற்றி ஏற்றுகிற சாமான். போகப் போகப் பெட்டி வெறுமையானது. ஓடு ஓரிடத்தில் போனது, யன்னல் இன்னோரிடத்தில் விறகானது. கடைசியில் இரணைப்பாலைக்குக் கிட்ட, றோட்டோரத்து வேலி ஒன்றில் கதவைச் சாத்திவிட்டு நடந்தார்கள்.

முதிரை மரக் கதவு. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் தம்பி ரஜிதனை அதன் பின்பக்கத்தில் நிறுத்தி, தகப்பன் உளியால் உயரத்தைக் கீறுவார். ஒன்பது கோடு இருந்தது. பத்தாவது கோட்டுக்கு ரஜிதன் இல்லை. அவனுடைய படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை, படங்கள் இருந்த பை, கடலேரிக் களப்பைக் கடக்கும்போது தண்ணியோடு போய்விட்டது. தகப்பனும் முகாமில் செத்துப்போனார். ரஜிதன் எவ்வளவு உயரம் இருந்தான் என்பது இன்றைக்கு அந்தக் கதவுக்கு மட்டும்தான் தெரியும்.

பார்ப்பதோடு நிற்காமல் ஆட்களிடம் கேட்டால் என்ன என்றேன். தேனுகா தலையை ஆட்டினாள். இந்தக் கதவு எங்கால வந்தது என்று ஒருவரைக் கேட்டால் அவரைக் கள்ளன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றாள். அது உண்மை. சண்டைக்குப் பிறகு திரும்பி வந்த சனம் கையில் அகப்பட்டதைப் பொறுக்கித்தான் கொட்டில் போட்டது. என் வீட்டுக் கிணற்றுக் கப்பி யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வன்னியில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி அது.

போன வருசத்துக்கு முதல் வருசம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு சபையும் தன் எல்லைக்குள் இருக்கிற பழைய கட்டடங்களைத் தேடிப் பட்டியல் போட வேண்டும். பட்டியலில் ஏறின கட்டடத்தில் ஒரு கல்லை அசைப்பதானாலும் ஐந்து பேர் கொண்ட மரபுரிமைக் குழுவின் அனுமதி வேண்டும். பட்டியலில் பத்துக் கட்டடமாவது இருக்க வேண்டும். வாசித்துவிட்டு நான் சிரித்தேன். எங்கள் எல்லைக்குள் இருபது வயதுக்கு மூத்த சுவர் பத்து இருந்தால் பெரிய காரியம்.

குழுவுக்குத் தலைவி இராசமலர் ரீச்சர். புதுக்குடியிருப்பில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவா, கண்டிப்பான மனுசி, பிழையான எழுத்தைக் கண்டால் இன்றைக்கும் சிவப்புப் பேனை தேடுவா. நான் செயலாளர். தேடுகிற வேலை தேனுகாவுக்கு. அவளுக்கு அது கேட்ட வரம்தான். கந்தோரில் இருக்கத் தேவையில்லை. ஒரு மாதம் வெயிலில் அலைந்து, ஒரு கோவில் மணிக்கூண்டின் அடித்தளத்தையும் ஒரு குளத்தில் தண்ணி திறக்கிற துருசையும் கண்டுபிடித்தாள். மூன்றாவதாக அகப்பட்டதுதான், முள்ளிவாய்க்கால் பக்கத்துக் கரையோரத்தில் இருந்த றோஸ்மேரியின் வீடு.

பின்னுக்கு வீட்டுத்திட்டத்தில் கட்டின இரண்டு அறை. முன்னுக்கு, பழைய காலத்துப் பெரிய செங்கல்லில் பூசாத ஒரு சுவர். சுவரின் நடுவில் கறுத்துப்போன ஒரு மரநிலை. கதவு புதுசு, நிலை பழசு. இரண்டு பக்கமும் பூக்கொடி செதுக்கியிருந்தது. மேற்கட்டையின் வலது ஓரத்தில் 1911 என்று வெட்டியிருந்தது. மேற்கட்டையின் நடுப்பகுதி தெரியாது. குருத்து ஞாயிறுக்குக் கோவிலில் கொடுக்கிற குருத்தோலைச் சிலுவைகளை வருசத்துக்கு ஒன்றாக அதில் ஆணியடித்திருந்தார்கள். அவை ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து சடைத்துப்போய்க் கிடந்தன.

அன்றைக்குத் தேனுகா கந்தோருக்கு வந்த வேகத்தை நான் மறக்கமாட்டேன். கூட்டத்தில் அவள் இருக்கவே இல்லை, நின்றபடிதான் சொன்னாள். ரெண்டாயிரத்து நாலில் கடல் வந்தது, ஒன்பதில் செல்லடி வந்தது, அந்த முன்சுவர் மட்டும் 1911இலிருந்து அசையாமல் நிற்கிறது. இராசமலர் ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. எங்களிடமும் ஒன்று நின்றிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னா. ஐந்து பேரும் கையை உயர்த்தினோம். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. இவ்வளவுக்கும் அந்த ஐந்து பேரும் ரக்ரரில் கதவு ஏற்றினவர்கள். நிமிர்ந்து நிற்கிற ஒன்றைக் கண்டதும், அது அங்கேயேதான் நின்றது என்று நம்ப எங்களுக்கு அவ்வளவு ஆசை.

றோஸ்மேரியின் பக்கத்திலும் ஒரு பிழை. படிவத்தோடு யாராவது படலையைத் திறந்தால் அது வீட்டுத்திட்டம், இல்லாவிட்டால் மலசலகூடத் திட்டம் என்றுதான் எங்கள் சனம் நினைக்கும். பதினைந்து வருசப் பழக்கம். இது பழைய வீடுதானே அம்மா என்று தேனுகா கேட்க, ஓம் மிஸ் பழசுதான் என்று சொல்லிக் காட்டின இடத்தில் கையெழுத்து வைத்தா. இரண்டு கிழமையில் நீலப் பலகை ஒன்று சுவரில் ஏறியது. பாதுகாக்கப்பட்ட கட்டடம், இலக்கம் மூன்று. மாவட்டக் கூட்டத்தில் அதன் படத்தைப் போட்டுக் காட்டினபோது கைதட்டினார்கள். அந்தப் பட்டியலில் கைதட்டு வாங்கினது அது ஒன்றுதான்.

எட்டு மாதம் கழித்து றோஸ்மேரியிடமிருந்து கட்டட மாற்ற விண்ணப்பம் வந்தது, கொப்பித் தாளில் எழுதி. கணவன் சூசைப்பிள்ளை, அறுபத்தாறு வயது, கடற்றொழில். சண்டையில் காயப்பட்ட கால், பிறகு சீனி வருத்தம், மார்கழியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பங்குக் கோவிலில் ஒரு சக்கர நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். முன்வாசல் இரண்டடி இரண்டு அங்குலம். நாற்காலி இரண்டடி ஒரு அங்குலம், சில்லை உருட்டுகிற கைக்கு இடமில்லை. நிலையின் அடிக்கட்டை வேறு அரை அடி உயரம். ஆகையால் நிலையைக் கழற்றி வாசலை மூன்றரை அடியாக்கி, ஒரு சாய்தளம் போட அனுமதி தரவும்.

குழு கூடியது. படங்களை மேசையில் பரப்பினோம். பத்துக்கு மூன்றுதான் அகப்பட்டிருக்கிறது, அதில் நிமிர்ந்து நிற்கிற ஒன்றையும் கையால் உடைப்பதா என்று ரீச்சர் கேட்டா. அவாவின் கேள்வியில் கள்ளமில்லை. பதுங்குகுழிக்குள் பாடசாலைப் பதிவேடுகளைக் காவிக்கொண்டு போனவா அவா. கைகள் உயர்ந்தன. தேனுகாவின் கை கடைசியாக, பாதி உயரத்துக்குத்தான் எழும்பியது. கடிதத்தை அடித்தது நான். முகப்பை மாற்றுவது பொருத்தமற்றது என்று குழு கருதுகிறது, பின்வாசலைப் பயன்படுத்துவது பற்றி ஆலோசிக்கவும். கீழே, தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி என்று நானாகவே ஒரு வரி சேர்த்தேன். எல்லாக் கடிதத்துக்கும் அதைச் சேர்ப்பது என் பழக்கம்.

அதற்குப் பிறகு தேனுகாவோடு ஒரு அறையில் இருக்க முடியவில்லை. கோப்பைத் திறப்பாள், மூடுவாள். பேனை மூடியைக் கடிப்பாள். அளவுநாடாவை இழுத்து இழுத்து விடுவாள், அது கிறீச்சென்று உள்ளே ஓடும், திரும்ப இழுப்பாள். எனக்குச் சினம் வந்து, அதை வாங்கி என் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். ஒரு திங்கட்கிழமை காலமை, நான் வந்து சேர்ட்டுக் கையை மடிக்கக்கூட இல்லை, மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை தனியாக அங்கே போய் வந்திருக்கிறாள்.

பின்வாசல் என்று நாங்கள் எழுதினது குசினி வாசல். அதற்கு வெளியே நாலு படி இறக்கம், அதற்குக் கீழே வருசத்தில் ஆறு மாதம் தண்ணி நிற்கிற பள்ளம். சூசைப்பிள்ளை ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் முன்வாசலால் தானே போகப் பார்த்திருக்கிறார். இரண்டு கையிலும் விரல் மொழித் தோல் உரிந்து கிடக்கிறது. திருநாளுக்கு இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். சவப்பெட்டி மாதிரித் தூக்குகினம், இனி வரமாட்டன் என்று அதோடு நிறுத்திவிட்டார். எட்டு மாதமாகக் கடல் அவருக்குக் கேட்கிறது. முந்நூறு யார் தூரம்தான். பார்க்க முடியவில்லை.

இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தேனுகா யன்னலடிக்குப் போனாள். அங்கே நின்று எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னாள். "நான் அந்த வீட்டைக் கண்டுபிடிக்காட்டி, அந்தாள் இப்ப கடற்கரையில இருப்பார் அண்ணை."

லாச்சியைத் திறந்து அளவுநாடாவை எடுத்துக் கொடுத்தேன்.

சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வாசகம் இருந்தது. மறுக்கப்பட்டவர் முப்பது நாளுக்குள் மீள்பரிசீலனை கேட்டால் குழு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நான் அதை வாசித்தே இருக்கவில்லை. தேனுகா வாசித்திருந்தாள். இருபத்தெட்டாம் நாள் றோஸ்மேரியின் கடிதம் என் மேசைக்கு வந்தது. நீயே கொண்டுவந்தாய், நீயே இடிக்கச் சொல்லுகிறாய் என்று ரீச்சர் அவளைக் கடிந்துகொண்டா, ஆனாலும் வருகிறேன் என்றா. மற்ற இரண்டு பேரும் சுகமில்லை என்று சொல்லித் தப்பிவிட்டார்கள்.

நாங்கள் போனது ஒரு காலமை. சூசைப்பிள்ளை சக்கர நாற்காலியில், நிலைக்கு உட்பக்கமாக, அடிக்கட்டையில் நாற்காலிச் சில்லு முட்ட இருந்தார். நாங்கள் வெளியே. நடுவில் அந்த வாசல். அவர் வணக்கம் சொன்னதோடு சரி. றோஸ்மேரி தேத்தண்ணியும் பிஸ்கற்றும் கொண்டுவந்தா. ரீச்சர் பூக்கொடியைத் தடவிப் பார்த்தா, முகமே மாறிவிட்டது. இதை எப்படியம்மா கழற்றுவது என்றா. வேறு சின்ன நாற்காலி எடுக்க முடியாதா, அடிக்கட்டைக்கு மட்டும் பலகை போட்டால் என்ன என்று கேட்டா. தேனுகா நாடாவைப் பிடித்து அளந்து அளந்து, போதாது ரீச்சர், போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெயிலில் முற்றத்துக்கும் வாசலுக்குமாக எத்தனை தரம் நடந்தாள் என்று எனக்குக் கணக்கில்லை.

எந்த முடிவு எடுத்தாலும் நிலையின் முழுப்படம் கோப்பில் இருக்க வேண்டும் என்றாள் கடைசியில். மேற்கட்டையை மறைக்கிற ஓலையைக் கொஞ்சம் எடுக்கலாமோ என்று கேட்டாள். றோஸ்மேரி பதறிப்போய்க் குறுக்கே வந்தா. அது சுவாமி மந்திரிச்ச ஓலை, கழற்றக்கூடாது மிஸ் என்றா. கழற்றவில்லை அம்மா என்று சொல்லி, கதிரையில் ஏறி, ஆணியை அசைக்காமல் ஓலைக் கத்தையை மட்டும் மெதுவாக மேலே தூக்கிப் பிடித்தாள் தேனுகா.

அதன் கீழே இரண்டு தாமரை. நடுவில் பிள்ளையார் சுழி.

மூன்று தலைமுறையாக அந்தோனியாரைக் கும்பிடுகிற வீட்டின் வாசலில் பிள்ளையார் சுழி. தேனுகா ஓலையைப் பிடித்த கையை இறக்கவில்லை. நானும் ரீச்சரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இந்த நிலை வேறொரு வீட்டிலிருந்து வந்தது என்று எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஒரு சின்னப்பிள்ளைக்கும் முதல் நாளே விளங்கியிருக்க வேண்டியது.

"றோசு, சொல்லிவிடு," என்றார் சூசைப்பிள்ளை உள்ளேயிருந்து. "இனி மறைச்சு என்ன."

றோஸ்மேரி நிலத்தில் குந்திவிட்டா. அங்கேயிருந்தே சொல்லத் தொடங்கினா. ஒன்பதாம் ஆண்டு மாசி மாதம், வன்னியின் உட்பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம் இவர்கள் வீட்டு வளவில் ரக்ரரை நிறுத்தியது. வீரகத்தி என்று வயல் செய்கிற ஒரு கமக்காரர், மனைவி, ஒரு மகள். பெட்டியில் எல்லாச் சாமானுக்கும் மேலே இந்த நிலை. வீரகத்தியின் பாட்டன் யாழ்ப்பாணத்தில் கட்டின வீட்டினுடையது. தகப்பன் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வரும்போது அதைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். இவர் இடம்பெயரும்போது கொண்டுவந்தார். இரண்டு குடும்பமும் சேர்ந்து பங்கர் வெட்டின. மேலே போடப் பனங்குற்றி கிடைக்காத நாள். வீரகத்தி தானே நிலையை இறக்கிப் பங்கருக்குக் குறுக்கே வைத்து மண்மூட்டை அடுக்கினார். மூன்றாம் நாள் செல் விழுந்து ஒரு பக்கம் இடிந்தது. நிலை முறியவில்லை. அதற்குக் கீழே இருந்த ஐந்து பேரும் தப்பினார்கள். சூசைப்பிள்ளையின் ஒரு கால் மட்டும் வெளியே இருந்தது.

பிறகு ஒருநாள் மத்தியானம் வீரகத்தி குடும்பம் களப்புப் பக்கம் போனது. போகும்போது, நிலையைப் பார்த்துக்கொள்ளும் சூசை, வந்து எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இவர்கள் ஊருக்குத் திரும்பி வர மூன்று வருசமானது. வீடும் இல்லை, பங்கரும் இல்லை, மண். சூசைப்பிள்ளை காயக் காலோடு கம்பியால் குத்திக் குத்தி ஐந்து நாளில் நிலையைக் கண்டுபிடித்தார். அக்கம்பக்கத்தில் கிடந்த கல்லைப் பொறுக்கி, றோட்டைப் பார்த்தபடி அந்தச் சுவரைக் கட்டி அதற்குள் நிலையை வைத்தார்கள். வீரகத்தி அந்த வழியால் வந்தால் பூக்கொடியைக் கண்டு தன்னுடையது என்று நிற்பார் என்ற நினைப்பு. கேட்டுப் பார்க்கக்கூடிய எல்லா இடத்திலும் கேட்டுப் பார்த்தார்கள். றோட்டில் ரக்ரர் ஒன்று வேகம் குறைந்தால் றோஸ்மேரி இன்றைக்கும் குசினியிலிருந்து எட்டிப் பார்ப்பா. பிள்ளையார் சுழியை ஓலையால் மூடினது, யாருடைய சாமானை வீட்டில் வைத்திருக்கிறாய் என்று கண்டவர் கேட்காமல் இருக்க. பழைய வீடுதானே என்று தேனுகா கேட்டபோது, ஏதோ திட்டத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாலும், நிலையைப் பற்றி விசாரிப்பார்களோ என்ற பயத்தில் பழசு என்று ஒத்துக்கொண்டா.

"உடைக்க எனக்கும் விருப்பமில்லை மிஸ்," என்றா றோஸ்மேரி. "இவர் உள்ளுக்கை கிடந்து சாகிறதைப் பாக்கவும் விருப்பமில்லை."

ரீச்சர் மறுபடி பூக்கொடியில் கையை வைத்தா. பிறகு சொன்னது நான் எதிர்பாராதது. இப்போதுதான் இந்த வாசலுக்கு உண்மையான மதிப்பு, இனி இதைத் தொடவே கூடாது என்றா. அவாவின் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவாவில் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கதிரையிலிருந்து இறங்கிய தேனுகா முற்றத்தில் மூன்று நாலு அடி போனாள், திரும்பினாள், நின்றாள்.

"ரீச்சர், இந்த நிலை மூண்டு வீட்டில நிண்டிருக்கு. ஒரு பங்கருக்கு மேல கிடந்திருக்கு. ஒரு இடத்திலயும் ஆரையும் மறிக்கேல்லை. நாங்கள்தான் இதை வச்சு ஒராளை மறிச்சு வச்சிருக்கிறம்." கையிலிருந்த அளவுநாடா கிறீச்சென்று உள்ளே ஓடியது. "நான் எழுதினது பிழை. இது பழைய வீடு இல்லை. நானே எழுதித் தாறன், பட்டியலில இருந்து எடுங்கோ."

மாவட்டத்தில் கைதட்டு வாங்கின பதிவைப் பிழை என்று எழுதிக் கொடுத்தால், அடுத்த கிழமையே விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அது தன் சொந்தக் கோப்பில் ஏறும் என்பதும் அவளுக்குத் தெரியும். என் பையிலிருந்து தாளை வாங்கி, நின்றபடியே, ஸ்கூட்டிச் சீற்றில் வைத்து எழுதினாள். ரீச்சர் அதை இரண்டு தரம் வாசித்தா. சிவப்புப் பேனை தேடவில்லை. அப்போ நிலையை எங்கே வைப்பது என்று மட்டும் கேட்டா.

சூசைப்பிள்ளை கையை நீட்டிப் படலையைக் காட்டினார். அதற்குப் பக்கத்தில், வேலியோடு, றோட்டைப் பார்த்தபடி. வீட்டுக்குப் பதிலாக நிலையைப் போடலாம், ஆனால் பட்டியலில் அசையாத கட்டுமானத்தைத்தான் சேர்க்கலாம் என்று ரீச்சர் இழுத்தா. சீமெந்தில் நட்டால் அசையாதுதானே என்றேன் நான். இந்த முழுக்கதையிலும் நான் சொன்ன உருப்படியான வசனம் அது ஒன்றுதான்.

மூன்று கிழமையில் வேலை முடிந்தது. மேசன் ஒருவர் நிலையைப் பூ உதிராமல் கழற்றி, படலையோரத்தில் நட்டு, மேலே ஒரு சின்னத் தகரக் கூரை போட்டார். ஓலையைத் தானே கழற்றி உள்ளே அந்தோனியார் படத்தடியில் வைத்தா றோஸ்மேரி. பிள்ளையார் சுழி இப்போது றோட்டால் போகிற எவருக்கும் தெரியும். வாசல் மூன்றரை அடியாகி, சாய்தளம் காய்ந்த அன்று நானும் தேனுகாவும் போனோம். சூசைப்பிள்ளை யாரையும் பிடிக்க விடவில்லை. சில்லை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துப் பிடித்து இறங்கினார். முற்றத்துக்கு வந்ததும் கடலுக்குத்தான் போவார் என்று நினைத்தேன். அவர் நேரே நிலைக்குப் பக்கத்தில் போய், றோட்டைப் பார்த்தபடி நாற்காலியை நிறுத்தினார். கடலுக்குப் பின்னேரம் போகலாம் என்றார். இவ்வளவு காலமும் வீரகத்தி ஆட்கள் ஆராவது வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாலும் தனக்குத் தெரிந்திருக்காது, இனித் தானே இருந்து பார்க்கலாம் என்றார்.

புதுப் படிவத்தைத் தேனுகா அங்கேயே நிரப்பினாள். இலக்கம் மூன்று, மரநிலை, 1911. உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, வீரகத்தி, வந்து எடுப்பதாகச் சொல்லிப் போனவர் என்று எழுதினாள். அப்படி எழுத இடமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

றோஸ்மேரி தேத்தண்ணி கொண்டுவந்தா. என்ன நினைத்தாளோ, தேனுகா அவாவுக்குத் தன் கதவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். முதிரைக் கதவு, இரணைப்பாலை வேலி, தம்பி, ஒன்பது கோடு. என்னைத் தவிர வேறு யாருக்கும் அவள் சொல்லி நான் அறியேன். றோஸ்மேரி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டா. பிறகு, உலகத்தில் சந்தேகமே இல்லாத குரலில் சொன்னா.

"அப்ப அதையும் ஆரோ வாசலில வச்சுக்கொண்டு உங்களைப் பாத்துக்கொண்டு இருப்பினம் மிஸ். நீங்கள் போய்க் கேட்டால்தானே தருவினம்."

தேனுகா பக்கத்திலிருந்த பிளாஸ்ரிக் கதிரையில் இருந்துவிட்டாள். அழுதாள். மறைக்கவில்லை. கையில் இருந்த தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். பத்து நிமிசம் இருக்கும். அதற்கு மேல் அவளால் முடியாது. எழும்பி ஸ்கூட்டித் திறப்பைத் தேடினாள்.

திரும்பி வரும்போது அவள் முன்னால், நான் என் மோட்டார் சைக்கிளில் பின்னால். இரணைப்பாலைக்குக் கிட்ட ஒரு வீட்டடியில் அவள் சடாரென்று நிறுத்தினாள். தகரக் கூரை போட்ட சின்ன வீடு. அந்த வீட்டுக்குப் பொருந்தாத பாரமான ஒரு மரக்கதவு. இந்த வழியால் ஏழு வருசமாகப் போய் வருகிறோம், அவள் இதை எத்தனை தரம் பார்த்திருப்பாள் என்று தெரியாது. இறங்கிப் படலையடிக்குப் போய், அந்தக் கதவு உங்களுடையதோ அம்மா என்று கேட்டாள்.

உள்ளே விளக்குமாறோடு நின்ற மனிசியின் முகம் இறுகியது. தேனுகாவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, எங்கள் கைகளில் படிவம் இருக்கிறதா என்று பார்த்தா.

"நான் சபையால வரேல்லை அம்மா," என்றாள் தேனுகா. "நானும் ஒரு கதவை இந்த றோட்டில விட்டிட்டுப் போனனான்."

அந்த மனிசி திரும்பித் தன் கதவைப் பார்த்தா. பிறகு விளக்குமாறைச் சுவரில் சாத்திவிட்டு வந்து, படலைக் கொளுக்கியைக் கழற்றினா.